பி.ஆர். போதும் என்று இருப்பவர்களோடு ஒரு தேத்தண்ணி

"எல்லாம் இருக்குத்தானே, பிறகு என்னத்துக்குச் சிட்டிசன்ஷிப்?"

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ நாலு தமிழர் தேத்தண்ணியோடு உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினால், யாராவது ஒருவர் இதைக் கேட்பார். நியாயமான கேள்வி. பி.ஆர். என்று நாம் சொல்லும் நிரந்தர வதிவிட உரிமை கையில் இருந்தால் விரும்பிய வேலைக்குப் போகலாம். எந்த மாகாணத்திலும் குடியிருக்கலாம். ஹெல்த் கார்ட் கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கும், வங்கி வீட்டுக்கடன் தரும், ஊரில் இருக்கும் மனைவியை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடலாம். காலையில் எழும்பி வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையில் ஒரு குறையும் தெரியாது. பத்து, பதினைந்து வருடம் அப்படியே போய்விடும்.

ஆனால் நம்மவர்களில் பலருக்கு, குறிப்பாக அகதியாக வந்து பி.ஆர். எடுத்தவர்களுக்கு, சிட்டிசன்ஷிப் வசதிக்காக எடுக்கும் ஒன்றல்ல. பாதுகாப்புக்காக எடுக்க வேண்டியது. அதைத்தான் இன்றைக்கு ஆறுதலாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பி.ஆர். உள்ளவரையும் குடிமகனையும் பிரிக்கும் கோடு கனடாவின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1982இல் வந்த உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு, நாட்டுக்குள் வரவும் தங்கவும் வெளியே போகவும் உள்ள உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. வாக்குரிமையைச் சொல்லும் 3ஆம் பிரிவும் அப்படித்தான். பி.ஆர். உள்ளவர் கனடாவில் இருப்பது சட்டம் விதித்த நிபந்தனைகளின் கீழ். நிபந்தனை மீறப்பட்டால் அந்தஸ்து போகலாம். போகக்கூடிய முக்கிய வழிகள் மூன்று.

முதலாவது, வெளியே கூடுதலாக இருந்துவிடுவது. ஐந்து வருடத்தில் 730 நாளாவது கனடாவில் இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போய் மூன்று வருடத்துக்கு மேல் நின்றுவிட்டால் சிக்கல். மனிதாபிமானக் காரணங்களைக் காட்டி வாதாடலாம், சிலர் வென்றும் இருக்கிறார்கள். இது பலருக்கும் தெரிந்த விதி, ஆதலால் இதில் நேரம் செலவழிக்கவில்லை.

இரண்டாவது, குற்றத் தீர்ப்பு. இந்த இடத்தில்தான் 'அது எங்களுக்கு வராது' என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் இரண்டு கிளாஸ் எடுத்துவிட்டு, 'வீடு பக்கத்திலதானே' என்று காரை எடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை முன்பு ஐந்து வருடமாக இருந்தது. 2018 டிசம்பர் 18 முதல் அது பத்து வருடம். குடிவரவுச் சட்டத்தின்படி, அதிகபட்சமாகப் பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் 'பாரதூரமான குற்றம்'. நீதிமன்றம் வெறும் அபராதத்தோடு விட்டாலும் கணக்கில் எடுப்பது அந்தப் பத்து வருடத்தைத்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தால் பி.ஆர். உள்ளவரை நாட்டைவிட்டு அனுப்பும் நடவடிக்கை தொடங்க இடமுண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தவருக்கு, அந்த அனுப்பும் உத்தரவை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழியும் 2013 முதல் மூடப்பட்டுவிட்டது. அதே இரவு, அதே கார், அதே தவறு ஒரு குடிமகன் செய்தால் லைசென்ஸ் போகும், காப்புறுதி ஏறும், நீதிமன்றம் தண்டிக்கும். ஆனால் நாடு போகாது.

பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் கடுமை. மூன்று வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பெற்றோர் சிட்டிசன்ஷிப் எடுக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை இங்கேயே படித்து, இங்கேயே வளர்ந்து, இருபத்தைந்து வயதிலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டில் இருந்து வந்தவர்தான். அப்தூல் அப்தி என்ற சோமாலியரின் கதை கனடா முழுவதும் பேசப்பட்டது. சிறுவனாக 2000ஆம் ஆண்டில் அகதியாக நோவா ஸ்கோஷியாவுக்கு வந்தவர். அரசின் சிறுவர் பராமரிப்பில் வளர்ந்தார். அவருக்குக் குடியுரிமை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று பொறுப்பில் இருந்த யாரும் பார்க்கவில்லை. பெரியவனாகி ஒரு குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து வெளியே வந்தபோது, அவரைச் சோமாலியாவுக்கு அனுப்பும் நடவடிக்கை தொடங்கியது. வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்து 2018இல்தான் அரசாங்கம் அதைக் கைவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு விண்ணப்பக் கட்டணம் 100 டொலர். பெற்றோரில் ஒருவர் ஏற்கெனவே குடிமகனாக இருந்தால், அல்லது பிள்ளையோடு சேர்ந்து விண்ணப்பித்தால், பிள்ளைக்கு நாட்கணக்கும் தேவையில்லை, பரீட்சையும் இல்லை. காசு இறுக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் ஒரேயடியாகக் கட்ட முடியாது என்பவர்களுக்கு நான் சொல்வது, அம்மா அப்பாவில் ஒருவரும் பிள்ளைகளும் முதலில் போடுங்கள், மற்றவர் பிறகு போடலாம்.

மூன்றாவது வழியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. நம் சமூகத்தில் இது போதிய அளவு பேசப்படவில்லை.

2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. அதற்குப் பிறகு அகதிச் சட்டங்கள் வரிசையாக இறுகின. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம் சத்தமில்லாமல் பெரிய மாற்றத்தைச் செய்தது. அதற்கு முன், அகதியாக ஏற்கப்பட்டுப் பி.ஆர். எடுத்துவிட்டால், அகதி அந்தஸ்து பிற்பாடு முடிவுக்கு வந்தாலும் பி.ஆர். கையில் இருக்கும். திருத்தத்துக்குப் பின், ஒருவர் தான் தப்பிவந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மறுபடி நாடினார் என்று அகதிகள் பாதுகாப்புப் பிரிவு தீர்ப்பளித்தால் அகதி அந்தஸ்தும் போகும், அதோடு பி.ஆரும் சேர்ந்து போகும். குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது.

பாதுகாப்பை மறுபடி நாடுவது என்றால் என்ன? இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் பாஸ்போட்டைப் புதுப்பிப்பது. அந்தப் பாஸ்போட்டில் பயணம் செய்வது. கோயில் திருவிழாவுக்கோ தங்கச்சியின் கலியாணத்துக்கோ யாழ்ப்பாணம் போய்வருவது. யுத்தம் முடிந்துவிட்டது, எல்லோரும் போய்வருகிறார்கள், பி.ஆர். கார்ட் இருக்கிறது, பிறகு என்ன என்று போனவர்கள் உண்டு. 'எல்லோரும்' என்று சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் கனேடியப் பாஸ்போட்டில் போகிறவர்கள் என்பது அப்போது யோசனையில் வராது. ஒரு நாட்டின் பாஸ்போட்டை எடுத்தாலே அந்த நாட்டின் பாதுகாப்பை நாடியதாகச் சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் சுமை நம்முடையது.

இதில் ஓரளவு நிம்மதி தந்த தீர்ப்பு ஒன்று உண்டு. கொலம்பியாவில் இருந்து வந்த கலிண்டோ கமாயோ என்ற பெண்ணின் வழக்கில், 2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், போனாரா இல்லையா என்று மட்டும் பார்க்கக் கூடாது என்றது. இப்படிப் போனால் அந்தஸ்துக்கு என்ன நடக்கும் என்று அவருக்கு உண்மையில் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், அங்கே ஒளித்து இருந்தாரா, அவருக்கு ஆபத்து அரசிடமிருந்தா வேறொருவரிடமிருந்தா என்பதையெல்லாம் பார்க்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் அது வழக்காடும்போது உதவும் ஒன்று. வழக்கே வராமல் இருப்பதற்கு வழி குடிமகனாகிவிடுவதுதான். குடிமகன் ஆனபின் இந்த மூன்றாவது வழி முற்றாக அடைபடும். குடியுரிமையை அரசு திருப்பி எடுப்பது, பொய் சொல்லியோ உண்மையை மறைத்தோ அதைப் பெற்றிருந்தால் மட்டும்தான்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் பயணங்கள் முழுவதையும் எழுத வேண்டும். அகதியாக வந்து, பிறகு இலங்கைப் பாஸ்போட் எடுத்திருந்தால், அல்லது ஊருக்குப் போய்வந்திருந்தால், விண்ணப்பத்தைப் போடமுன் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு அந்தப் பயணம் கண்ணில் பட்டால், விசாரணை முடியும்வரை விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. வருமானம் குறைந்தவர்கள் லீகல் எய்ட் ஒன்ராறியோவில் கேட்டுப் பார்க்கலாம். பயணத்தை மறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எல்லைச் சேவைகள் முகமையிடம் நம் வருகையும் இருக்கிறது, இப்போது நாம் வெளியேறிய திகதியும் இருக்கிறது. பொய் பிடிபட்டால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

இந்த எச்சரிக்கைகள் யாரையும் பயமுறுத்தச் சொன்னவை அல்ல. குடியுரிமை இல்லாமல் போவது என்னவென்று தமிழருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கனடாவின் முதல் குடியுரிமைச் சட்டம் 1947 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்குள்ளவர்கள் பிரித்தானியப் பிரஜைகள். பிரதமர் மெக்கன்ஸி கிங் அந்த வாரமே ஒட்டாவாவில் முதலாவது சான்றிதழைத் தானே வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம், 1948இல், சுதந்திரம் பெற்ற கையோடு இலங்கை தன் பிரஜாவுரிமைச் சட்டத்தை எழுதியது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் அந்தச் சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அவர்களின் பிரச்சினையைத் தீர்த்துமுடிக்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து, அங்கேயே பேரப்பிள்ளையும் கண்ட ஈழத்தமிழர் பலர் இன்னும் இந்தியக் குடிமக்கள் இல்லை. அந்த வரிசையில் வந்த நமக்கு, ஒரு நாடு கதவைத் திறந்து 'விண்ணப்பம் போடு' என்று சொல்லும்போது மேசை லாச்சிக்குள் படிவத்தை வைத்துவிட்டு இருப்பது மனம் ஏற்காத விஷயம்.

சரி, போடுவது என்று முடிவெடுத்தாகிவிட்டது. முதலில் நாட்கணக்கு.

விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவில் உடலோடு இருந்திருக்க வேண்டும். 2015இல் இதை ஆறு வருடத்தில் நாலு வருடமாக ஏற்றினார்கள். 2017 ஒக்டோபரில் இன்றைய அளவுக்குக் குறைத்தார்கள். இன்னும் 'நாலு வருடம் முடியட்டும்' என்று காத்திருப்பவர்கள் அந்த இடைக்கால விதியை நினைவில் வைத்திருக்கிறார்கள். பி.ஆர். கிடைத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் முழுநாள். அதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ விசிட்டராகவோ இருந்த நாளும், அகதியாக ஏற்கப்பட்ட பின் பி.ஆருக்குக் காத்திருந்த நாளும் அரைநாள். அந்த அரைநாட்களைக் கூட்டினால் 365க்கு மேல் கிடைக்காது. அகதிக் கோரிக்கையைப் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் கணக்கில் வராது. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கனடாவில் காலடி வைத்த திகதியிலிருந்து எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஏற்றுக்கொண்ட முடிவு வந்த திகதியிலிருந்து.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு தங்கச்சியின் கோரிக்கை 2021 மார்ச் 1 அன்று ஏற்கப்பட்டது என்று வைப்போம். பி.ஆர். 2023 மார்ச் 1. நடுவில் 730 நாள், அதில் பாதி 365. இது அப்படியே முழுதாகக் கிடைக்கும். இனி, பி.ஆர். கிடைத்த பின் 730 முழுநாள் வேண்டும். 2025 பெப்ரவரி 28 முடிய எண்ணினால், நடுவில் ஒரு லீப் வருடம் இருப்பதால் 731 நாள் வரும். ஆனால் தங்கச்சி இடையில் லண்டனுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனார். கனடா கொடுத்த அகதிப் பயண ஆவணத்தில், 2024 ஜூன் 10 புறப்பட்டு ஜூலை 1 திரும்பினார். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். கழிப்பது ஜூன் 11 முதல் 30 வரையான 20 நாள் மட்டும். 731இல் 20 போனால் 711. அதோடு 365 சேர்த்தால் 1,076. இன்னும் 19 நாள் குறை. ஆகவே 2025 மார்ச் 20 அன்று கையெழுத்து வைத்தால் சரியாக 1,095 வரும்.

சரியாக அந்த நாளில் போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரு திகதி மாறி எழுதப்பட்டாலும், ஒரு நாள் குறைந்தாலும், முழு விண்ணப்பமும் போய்விடும். குடிவரவுத் திணைக்களமே தேவையானதைவிடக் கூடுதல் நாளோடு விண்ணப்பிக்கச் சொல்கிறது. ஒரு மாதம் பொறுத்துப் போட்டால் நித்திரை வரும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் நாட்கணக்குப் பார்க்கும் கருவி இலவசமாகவே இருக்கிறது. பழைய பாஸ்போட்டுகளையும் மின்னஞ்சலில் உள்ள விமானச்சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்காருங்கள். நயாகராவில் இருந்து பாலம் கடந்து பஃபலோவில் கடை பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பிய பயணம் ஒரு நாளையும் குறைக்காது, ஆனாலும் அதையும் எழுத வேண்டும். சிறையில் இருந்த நாட்களும், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த நாட்களும் கணக்கில் சேரா.

அந்த ஐந்து வருட எல்லை நாளோடு நாள் நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். முன்பக்கம் ஒரு நாள் சேரும்போது பின்பக்கம் ஒரு நாள் கழன்றுவிடும். தொடர்ந்து இங்கேயே இருப்பவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு வருடம் வெளிநாடு போக யோசிப்பவர், போக முன் போட்டுவிட்டுப் போவதே புத்தி.

பி.ஆர். கார்ட் காலாவதியாகிவிட்டது, முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுத்தான் சிட்டிசன்ஷிப் போடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியல்ல. கார்ட் முடிந்தால் பி.ஆர். முடிவதில்லை. கார்ட் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். விமானத்தில் வெளியே போய்த் திரும்பி வருவதற்குத்தான் கார்ட் வேண்டும்.

வருமானவரி: ஐந்து வருடத்தில் மூன்று வருடத்துக்காவது, தாக்கல் செய்ய வேண்டிய கடமை இருந்திருந்தால், தாக்கல் செய்திருக்க வேண்டும். கைக்காசுக்கு வேலை செய்து வரியே போடாமல் இருப்பவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பிந்தியாவது போட்டுச் சரிப்படுத்தலாம்.

மொழிக்கும் பரீட்சைக்கும் நம்மவர்கள் பயப்படுவதுபோல வேறெதற்கும் பயப்படுவதில்லை. இரண்டும் 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்களுக்கு மட்டும். கையெழுத்து வைக்கும் நாளில் 55 ஆகிவிட்டால் இரண்டும் இல்லை. இதற்காக 55 வரும்வரை காத்திருக்கும் அன்ரிமாரை அறிவேன். ஐம்பத்திநாலரை என்றால் காத்திருக்கலாம். நாற்பத்தெட்டு வயதில் அந்த முடிவை எடுப்பது, ஏழு வருடம் பாதுகாப்பில்லாமல் இருப்பது.

கேட்கிற ஆங்கிலமும் பெரிய ஆங்கிலம் இல்லை. கேட்டு விளங்குவதிலும் பேசுவதிலும் கனேடிய அளவுகோலில் 4ஆம் நிலை. கடையில் பொருளைத் திருப்பிக் கொடுக்க, வைத்தியரிடம் எங்கே நோகிறது என்று சொல்ல, பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிப் பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லப் போதுமான அளவு. வாசிப்பும் எழுத்தும் சோதிக்கப்படுவதில்லை. ஆங்கில வழியில் படித்த பட்டம் இருந்தால் அது இந்தியப் பட்டமானாலும் சான்றாகும். இல்லாதவர்கள் லிங்க் என்ற ஆங்கில வகுப்பில் 4ஆம் நிலை முடித்த சான்றிதழைக் காட்டலாம். அந்த வகுப்பு இலவசம். ஆனால் பி.ஆர். உள்ளவருக்கும் ஏற்கப்பட்ட அகதிக்கும்தான் இலவசம், குடிமகன் ஆனபின் அங்கே இடம் கிடையாது. ஆகவே ஆங்கிலம் படிக்க ஆசை உள்ளவர்கள் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலும் வகுப்பைத் தொடருங்கள்.

பரீட்சையில் 20 கேள்வி, 45 நிமிடம், 15 சரியாக வர வேண்டும். வீட்டில் கணினியில் எழுதலாம். தவறினால் மறுபடி எழுத விடுவார்கள், மொத்தம் மூன்று தடவை. எல்லாக் கேள்வியும் 'டிஸ்கவர் கனடா' என்ற அரசின் இலவசக் கைநூலில் இருந்துதான் வரும். 1867 ஜூலை 1 அன்று ஒன்ராறியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்சுவிக் என்ற நாலு மாகாணங்களோடு கூட்டாட்சி தொடங்கியது, முதல் பிரதமர் ஜோன் ஏ. மெக்டொனால்ட், 1917இல் விமி மேட்டில் நடந்த போர், இன்சுலினைக் கண்டுபிடித்த பான்ரிங்கும் பெஸ்ற்றும், 1999இல் உருவான நுனாவுட் என்று போகும். திகதிகளை மட்டும் மனப்பாடம் பண்ணினால் மண்டை காயும். மாலையில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் பெரும்பாலும், அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆவலாக வருவார்கள்.

அந்தப் புத்தகத்தில் பூர்வகுடிகளைப் பற்றிய பகுதியைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்து அவர்களின் மொழியைப் பறித்த வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் முன்வைத்த பரிந்துரைகளில் ஒன்று, புதிய குடிமக்கள் எடுக்கும் சத்தியப்பிரமாணத்தை மாற்ற வேண்டும் என்பது. 2021 ஜூனில் அது மாறியது. இன்று சத்தியப்பிரமாணம் எடுப்பவர் அரசர் சார்ள்ஸுக்கு விசுவாசமாக இருப்பேன் என்பதோடு, பூர்வகுடி மக்களின் ஒப்பந்த உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பையும் மதிப்பேன் என்று சொல்ல வேண்டும். காணியையும் மொழியையும் இழப்பது என்னவென்று அறிந்த ஒரு சமூகம் அந்த வரியை வாயளவில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

விண்ணப்பம் இணையத்தில் போடலாம், குடும்பமாகச் சேர்த்தும் போடலாம். வளர்ந்தவருக்கு 600 டொலருக்குச் சற்று மேல் வரும். நம் பெயர்களில் கவனம் வேண்டும். அப்பாவின் பெயர் எங்கே, நம் பெயர் எங்கே என்று குடிவரவுப் பத்திரத்தில் மாறி விழுந்தது நம்மில் எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. சான்றிதழில் வருவது அந்தப் பத்திரத்தில் உள்ள பெயர்தான். பிறகு அதே பெயர் பாஸ்போட்டுக்கும் போகும். திருத்துவதென்றால் விண்ணப்பம் போடமுன் திருத்துங்கள். போட்ட பிறகு மாதக்கணக்காகச் சத்தம் இருக்காது. பரீட்சைக்கான அழைப்பு மின்னஞ்சலில் வந்து, எழுத 30 நாள்தான் தருவார்கள். பிள்ளையின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால், பிள்ளை அதைத் திறந்து பார்க்கிறதா என்று கேட்டுக்கொண்டிருங்கள்.

சத்தியப்பிரமாணம் மண்டபத்திலும் நடக்கும், சூம் வழியாகவும் நடக்கும். சூமில் என்றால் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்வார்கள். கமராவுக்கு முன்னால் பி.ஆர். கார்டை வெட்ட வேண்டும். 14 வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளைகளும் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும். அந்த நேரம் எல்லோரும் கனடாவுக்குள் இருக்க வேண்டும்.

கார்டை வெட்டியபின் பயணம் செய்ய உங்களிடம் ஒன்றும் இல்லை. இதை யோசிக்காமல் அடுத்த கிழமைக்கு ரிக்கெட் போட்டுவிட்டுத் தவித்தவர்கள் இருக்கிறார்கள். கனேடியக் குடிமகன் விமானத்தில் கனடாவுக்குத் திரும்ப கனேடியப் பாஸ்போட் வேண்டும். சான்றிதழ் வந்து, பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்து, அது கையில் வரும்வரை பயணம் வேண்டாம்.

பழைய நாட்டின் குடியுரிமை என்ன ஆகும்? கனடா 1977 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. நிபந்தனை போடுவது மற்றப் பக்கம். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். சென்னையில் இருந்தும் கோயம்புத்தூரில் இருந்தும் வந்தவர்கள் இந்தியப் பாஸ்போட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். பழைய பாஸ்போட்டில் பயணம் செய்தால் அபராதம். பிறகு ஓ.சி.ஐ. கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் போய்வரலாம், வீடு வாங்கலாம். வாக்குப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அப்பாவின் வயல் பரம்பரைச் சொத்தாக வருவதற்குத் தடையில்லை.

இலங்கையும் வேறு குடியுரிமை எடுத்தவரின் பிரஜாவுரிமையை முடித்துவிடும். ஆனால் விண்ணப்பித்து அதைத் தக்கவைக்கவும், இழந்தபின் மறுபடி பெறவும் வழி வைத்திருக்கிறது. ஊரில் காணி உள்ளவர்களுக்கு இது முக்கியம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜைக்கு விலக்கு உண்டு, பரம்பரையாக வரும் காணிக்கும் உண்டு. அகதியாக வந்தவர்கள் மட்டும் ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும். முதலில் கனேடியக் குடியுரிமை, பிறகுதான் இலங்கைத் தூதரகத்தின் படி ஏறுவது. பி.ஆர். ஆக இருக்கும்போதே அங்கே போனால், மேலே சொன்ன அந்த மூன்றாவது வழியை நாமே திறந்துவிட்டதாக ஆகும்.

இனி வாக்கு. பி.ஆர். உள்ளவர் நகரசபைத் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. ஸ்காபரோவில் வீட்டுக்கு இத்தனை தமிழர் என்று நாம் பெருமையாகச் சொன்னாலும், வேட்பாளர் கையில் வைத்திருக்கும் பட்டியலில் குடிமக்களின் பெயர் மட்டும்தான் இருக்கும். 2011இல் ராதிகா சிற்சபைஈசன் முதல் தமிழ் எம்.பி.யாகப் பாராளுமன்றம் போனதும், 2015 முதல் ஹரி ஆனந்தசங்கரி தொடர்ந்து வெல்வதும், நமக்கு முன் வந்தவர்கள் அந்தப் படிவத்தை நிரப்பியதால் நடந்தவை. சத்தியப்பிரமாணம் எடுத்தபின் வரும் முதல் வருமானவரிப் படிவத்தில், நீங்கள் கனேடியக் குடிமகனா என்று கேட்டு, உங்கள் விபரத்தைத் தேர்தல் திணைக்களத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டுக்கும் ஆம் என்று போடுங்கள். வரி போட்டுக்கொடுப்பவர் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.